போகும்போது ஏ, வரும்போது எஃப்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஒரு நேர்காணலுக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு முதல்முறையாக விமானத்தில் போகிறாராம். காலை ஃபிளைட்டில் போய், இரண்டு நாள் கழித்து மாலை ஃபிளைட்டில் திரும்புகிறார். இரண்டுமே ஏர்பஸ் ஏ320. "உங்களை மாதிரி விமானப் பைத்தியங்கள் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது என்னதான் பார்ப்பீர்கள்? எந்த சீட் எடுக்கட்டும்? அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் அம்மா பயப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்ல?" இவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அதைப் பிறகு பார்ப்போம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஏழு வயதில். மாமா மஸ்கட்டுக்குக் கிளம்பினார். ஒருவரை வழியனுப்ப வேன் பிடித்துப் பதினான்கு பேர் போனோம். அந்தக் காலத்துக் குமரி மாவட்டத்தில் அதுதான் கணக்கு. பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சுவருக்கு மேலே தெரிந்த வால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கரும்புகை கக்கிய பழைய போயிங் 737-200 ஒன்றின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. மாமா எந்த விமானத்தில் போனார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஏறும் ஒவ்வொரு விமானத்தின் பதிவெழுத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இந்திய விமானங்களுக்கு அது விடி (VT) என்று தொடங்கும். வி வரிசை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டதன் மிச்சம் அது.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வேண்டும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வரும், போகும். ஆனால் திருவனந்தபுரம் விமான நிலையத்தை அடுத்த மாநிலத்துச் சொத்து என்று என்னால் நினைக்க முடிவதில்லை. 1930களில் அரச குடும்பத்து மருமகனான கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் அது உருவானபோது நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தோம். 1935 நவம்பர் 1ஆம் தேதி அங்கிருந்து டாடாவின் விமானம் பம்பாய்க்குக் கிளம்பியபோது அதில் போனது திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையான 'அஞ்சலின்' தபால். அதே நவம்பர் 1ஆம் தேதியில், 21 வருஷம் கழித்து, நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். ரன்வே எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த ரன்வேயில் இன்னொரு விசேஷம் உண்டு. பத்மநாபசாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது, வருஷத்துக்கு இரண்டு முறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், சங்குமுகம் கடற்கரைக்குப் போவது அந்த ரன்வேயைக் கடந்துதான். அன்று சாயங்காலம் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் எதுவும் வராது, போகாது. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். உங்கள் பயணத் தேதிகள் அதில் மாட்டுகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தம்பி. அங்கே டெர்மினல் இரண்டு. டி1 சங்குமுகம் பக்கம், கடலை ஒட்டி. டி2 சாக்கை பக்கம், பைபாஸை ஒட்டி. நடுவில் ரன்வே கிடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் டி1 என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள், சில உள்நாட்டு விமானங்கள் டி2விலிருந்தும் போகின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போகும் அந்தச் சாலையை நம்பவே நம்பாதீர்கள். நான் காலை ஃபிளைட்டுக்கு எப்போதும் ரயிலைப் பிடித்து, மிச்ச தூரத்துக்கு ஆட்டோதான்.

சரி, உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. முதல் பத்து நிமிஷத்தில்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அந்த நேரத்தில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

தலைக்கு மேலே, ஜன்னலுக்கு மேல் விளிம்பில், வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஏசியிலிருந்து வரும் குளிர்காற்று அதில் படும்போது உண்டாகும் பனிமூட்டம் அது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருவதுதான். மழைக்காலத்தில் நம் பக்கம் கட்டாயம் வரும். கதவு மூடிக் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும்.

அப்புறம் ஏசி சட்டென்று நிற்கும். உள்ளே ஒரு மௌனம். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டலாம். இன்ஜினைச் சுழலவைக்க அழுத்தக் காற்று வேண்டும். அது வாலுக்குள் இருக்கும் ஒரு சின்ன துணை இன்ஜினிலிருந்து வருகிறது. ஏசிக்கும் அதே காற்றுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் போதாது என்பதால், இன்ஜின் பிடிக்கும் வரை ஏசியை நிறுத்திவைக்கிறார்கள். முதலில் ஒரு பக்கம் உறுமல் எழும், பிறகு மறுபக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் முதலில் என்று கேட்பேன். சின்ன சந்தோஷம்.

ஏ320இல் ஒரு நாயும் உண்டு. தரையில் நிற்கும்போது காலுக்கடியில் யாரோ ரம்பம் போடுவது மாதிரி, அல்லது நாய் குரைப்பது மாதிரி, "ஊவ்... ஊவ்... ஊவ்" என்று கேட்கும். இந்த விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று திரவ அழுத்தத்தில் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் தாண்டினால், ஒன்றின் பலத்தை மற்றொன்றுக்குக் கடத்தும் ஒரு கருவி தானாக ஓடத் தொடங்கும். ஒரு இன்ஜின் மட்டும் ஓடும் நேரத்தில் அது விட்டுவிட்டு ஓடுவதுதான் அந்தக் குரைப்பு. ஒருமுறை எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "சரக்கு அறையில் நாய் மாட்டிக்கொண்டிருக்கிறது, பாவம்" என்றார். அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னதைப் பாராட்ட வேண்டும்.

கிளம்பும் நேரம். திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் ரன்வே 32தான். அதாவது காந்த திசைகாட்டியில் ஏறக்குறைய 320 டிகிரி, வடமேற்கு நோக்கி. ரன்வே சுமார் 3,400 மீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடியதும் மூக்கு தூக்கும். வேகம் மணிக்கு 260, 280 கிலோமீட்டர் இருக்கும். சக்கரங்கள் உள்ளே போகும்போது காலுக்குக் கீழே ஒரு "தட்" கேட்கும்.

இதற்கு அப்புறம் வருவதைத்தான் உங்கள் அம்மாவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். 1,000 முதல் 1,500 அடி உயரம் வந்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கும். வயிற்றுக்குள் லிஃப்ட் இறங்குவது போல ஒரு உணர்வு. "போச்சு, இன்ஜின் நின்றுவிட்டது" என்று தோன்றும். நிற்கவில்லை. தரையை விட்டுக் கிளம்புவதற்கு வேண்டிய அதிகபட்ச விசை இனித் தேவையில்லை, ஏறுவதற்கு வேண்டிய அளவுக்குக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்திலும், ஒவ்வொரு முறையும் நடப்பது. அதே நேரத்தில் இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருந்த தகடுகள் "ஊய்ங்" என்று உள்ளே போகும். எனக்கு இருநூறு தடவைக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த நொடியில் என் கை கைப்பிடியைத் தேடத்தான் செய்கிறது. வயிற்றுக்குக் காரணம் புரியாது.

சீட் விஷயத்துக்கு வருகிறேன். ஏ320இல் ஏ, பி, சி இடது பக்கம். டி, இ, எஃப் வலது. குலுக்கல் குறைவாக வேண்டுமென்றால் இறக்கைக்கு மேலே உட்கார வேண்டும். சீசா பலகையில் நடுவில் உட்காருவது போல அது. வேடிக்கை வேண்டுமென்றால் இறக்கை முடிந்த உடனே வரும் வரிசை. 21, 22 என்று எடுப்பேன். அங்கிருந்து இறக்கை செய்யும் வேலை முழுவதும் தெரியும். இறங்கும்போது பின்விளிம்பு படிப்படியாக நீண்டு வளைவதும், சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் மேல்பரப்பில் தகடுகள் வரிசையாக நிமிர்ந்து எழுவதும் அங்கிருந்தால்தான் பார்க்கலாம். அந்தத் தகடுகள் இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று, எடை முழுவதையும் சக்கரத்தில் இறக்குகின்றன. அப்போதுதான் பிரேக் பிடிக்கும்.

காலையில் சென்னை போகும்போது இடது பக்கம், ஏ. விமானம் வடகிழக்கே போகும், சூரியன் வலது பக்கத்து ஜன்னலில் நின்று கண்ணைக் கூசும். இடது பக்கம் கிளம்பியதுமே கடல், பிறகு தும்பா. 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய மண் அது, விமான நிலையத்துக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். பிறகு வலது பக்கம் திரும்பி மலையைத் தாண்டுவார்கள். அகத்தியர் மலை வலது பக்கம் போய்விடும், அது ஒன்றுதான் நஷ்டம். மேகம் இல்லாவிட்டால் பாதி வழியில் இடது பக்கம் வைகை அணையின் தண்ணீர் பளபளக்கும்.

ஜன்னலின் அடிப்பகுதியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும், பாருங்கள். ஜன்னலில் மூன்று அடுக்கு. வெளி அடுக்குதான் உள்ளழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கில் அந்தத் துளை, இரண்டு அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தைச் சமன் செய்யவும் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கவும். 35,000 அடியில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. அந்தத் துளையைச் சுற்றி மட்டும் பூ மாதிரி பனிப்படிகம் வளரும். போன் கேமராவை ஜன்னலுக்கு மிக அருகில் வைத்து எடுங்கள், கோலம் போட்டது போல வரும். சாதாரணப் பயணியாக விமானத்துக்குள் படம் எடுப்பதில் பிரச்சினை இல்லை. ராணுவத் தளங்களையும் சேர்த்து நடக்கும் விமான நிலையங்களில் மட்டும் தடை உண்டு.

ஜன்னல் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், ஜன்னல் சீட்டுக்கென்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு எனக்குச் சுவரைக் கொடுத்தது. நிஜமாகவே சுவர். 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஏசிக் குழாய் மேலேறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் அந்த வரிசையை எடுத்துவிட்டேன். நாலு மணி நேரம் பிளாஸ்டிக் பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்காரர், பாவம், எதற்கு இந்த மனிதர் சுவரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பார். புகார் எழுதினேன். "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது, காசு வரவில்லை. சீட் எடுக்கும் முன் அந்த விமானத்தின் சீட் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். ஏ320இல் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

குலுக்கல் பற்றிக் கேட்டீர்களோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தால் உங்களுக்கே புரியும். தென்மேற்குக் காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி, கணவாய் கிடைத்த இடத்தில் பீறிட்டுக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் நிற்பது அதனால்தான். மலையைத் தாண்டி விழும் காற்று ஆற்றில் பாறைக்குப் பின்னால் சுழிக்கும் தண்ணீர் மாதிரி அலையலையாகப் போகும். அதைக் குறுக்கே கடக்கும் விமானம் குதிக்காமல் என்ன செய்யும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு மேலே ஐந்து பத்து நிமிஷம் ஆட்டம் நிச்சயம். இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆடத்தான் செய்திருக்கிறார்கள். 1995 ஜனவரியில் போயிங் 777இன் இறக்கைகளை ஆலையில் கம்பி கட்டி மேலே இழுத்து, உடையும் வரை வளைத்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பளுவைப் போல ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. அது 154 சதவீதத்தில்தான் உடைந்தது. குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்தான். உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டைப் போட்டே வையுங்கள்.

இனித் திரும்பி வருவது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இதற்காகவே ஒருமுறை வேலை எதுவும் இல்லாமல் சென்னை போய் வந்திருக்கிறேன். வீட்டில் தெரியாது.

மாலையில் வலது பக்கம், எஃப். ரன்வே 32இல் இறங்க வேண்டுமென்றால் தென்கிழக்கிலிருந்து வர வேண்டும். தென்கிழக்கு என்றால் நாம்தான். சில நாள் மலையைத் தாண்டி நம் மாவட்டத்துக்கு மேலேயே வந்து, கடலுக்குள் கொஞ்சம் போய், வலது பக்கம் திரும்பிக் கடற்கரையை ஒட்டி வருவார்கள். அப்போது வலது ஜன்னல் முழுவதும் நம் ஊர். மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழும். தென்னையும் ரப்பரும் வேறு வேறு பச்சை என்பது மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். தென்னை கரகரப்பாக, நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். ரப்பர் வரிசை பிடித்துச் சீப்பால் வாரியது மாதிரி. நடுநடுவே குளங்கள். நம்மிடம் இத்தனை குளம் இருப்பதை நான் பஸ்ஸில் போய்த் தெரிந்துகொண்டதில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்கும். மழை பெய்த மறுநாள் என்றால் செம்மண் கலங்கல் கடலுக்குள் நாக்கு நீட்டியது போல. அங்கிருந்து வள்ளவிளை, நீரோடி வரை கடற்கரை வீடுகள் இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக ஓடும், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோயில் கோபுரம், அதாவது சர்ச்சின் கோபுரம், நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும். பொழியூர், பூவார் வந்தால் கேரளம். அதற்கு மேல் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்களும் கோவளம் கலங்கரை விளக்கமும் இடது பக்கத்துக்காரர்களுக்கு. அவர்களும் காசு கொடுத்தவர்கள்தானே.

எல்லா நாளும் இந்தப் பாதை கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று மாறினால் எதிர்முனையில், 14இல் இறக்குவார்கள். அப்போது நம் ஊர் கிடையாது.

ஒருமுறை இதே கரையில்தான் ஒரு பாடம் படித்தேன். ஜூன் மாதம், துபாயிலிருந்து விடியற்காலை வருகிறேன். பக்கத்து சீட்டில் கடலோரக் குறும்பனைக்காரப் பாட்டி ஒருவர். நர்ஸாக இருக்கும் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்விட்டுத் திரும்புகிறார். மழை கொட்டுகிறது. சக்கரம் இறங்கியாகிவிட்டது, ஜன்னலில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தரை இதோ வரப்போகிறது என்று இருந்தபோது இன்ஜின் முழுக் குரலில் உறுமியது. மூக்கு மேலே தூக்கியது, முதுகு சீட்டில் அழுந்தியது. பின்னால் யாரோ "கர்த்தாவே" என்று கத்தினார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்க, நாலைந்து குழந்தைகள் சேர்ந்துகொண்டன.

பாட்டி என் கையைப் பிடித்தார். "மக்களே, என்ன மேல போவுது? எறங்கல்லியா?"

"ரோடு தெரியல்ல பாட்டி. ஒரு சுத்து சுத்திட்டு வருவாரு."

"அப்ப பேடிக்காண்டாமா?" பயப்பட வேண்டாமா என்கிறார்.

"பேடிக்காண்டாம் பாட்டி."

நான் விளக்கமாகச் சொல்லத் தயாரானேன். தரையிலிருந்து வரும் வழிகாட்டும் ரேடியோக் கதிரைப் பிடித்து வரலாம், ஆனால் சாதாரணமாக 200 அடி உயரத்தில் ரன்வே விளக்குகள் கண்ணில் பட வேண்டும், படாவிட்டால் யோசிக்காமல் மேலே போய்விட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு, அதற்கென்றே விமானிகள் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கிறார்கள் என்றெல்லாம். பாட்டி அதற்குள் கையை விட்டுவிட்டார்.

"எங்க வீட்டாளும் இப்படித்தான்," என்றார். "கடல் சரியில்லேண்ணா வள்ளத்தக் கர பிடிக்க மாட்டாரு. அலைக்கு வெளிய கெடந்து பாத்துட்டு, பொறவுதான் வருவாரு. அவசரப்பட்டவன் வள்ளந்தான் கவிழும்."

இருபது வருஷமாக நான் புத்தகத்தில் படித்ததை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். இரண்டாவது முறை தரை தெரிந்தது. தட்டென்று இறக்கினார்கள். பின்னால் ஒருவர் விமானியைத் திட்டினார். மழையில் ஓடுபாதையில் தண்ணீர் நிற்கும்போது மெதுவாகத் தடவி இறக்கினால் சக்கரம் தண்ணீர்ப் படலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், பிரேக் பிடிக்காது. அழுத்தமாக இறக்குவதுதான் முறை. பூப்போல இறங்கினால்தான் நல்ல விமானி என்பது நம் ஆட்களிடம் இருக்கும் தப்பான நம்பிக்கை.

திருவனந்தபுரத்தில் தரையில் நிற்பவற்றையும் பாருங்கள். வளைகுடா போகும் 777 நின்றால் அதன் பின்சக்கரங்களை எண்ணுங்கள், பக்கத்துக்கு ஆறு. அதன் இன்ஜினில் விசிறியின் குறுக்களவு மட்டுமே மூன்றேகால் மீட்டர். 2025இல் இங்கே எதிர்பாராத விருந்தாளி ஒருவரும் இருந்தார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து வந்த எஃப்-35பி போர்விமானம் ஜூன் 14ஆம் தேதி அவசரமாக இறங்கி, பழுதாகி, ஜூலை 22ஆம் தேதிதான் கிளம்பியது. ஜூன் கடைசியில் நான் போன விமானம் ரன்வேக்கு உருண்டு போகும்போது ஜன்னலில் அதைப் பார்த்தேன். உலகத்தின் மிக விலையுயர்ந்த போர்விமானங்களில் ஒன்று, நம் பருவமழையில் நனைந்துகொண்டு, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலர். கைபேசியை எடுப்பதற்குள் கடந்துவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

தூத்துக்குடி பற்றியும் ஒரு வார்த்தை. தோவாளை, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு வாகைக்குளம் விமான நிலையம் ஒன்றும் தூரமில்லை. எனக்கு அங்கே போகக் காரணம் ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சின்ன விமானம். "ஐயோ, ஃபேன் வைத்த பிளேனா" என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த ஃபேனைச் சுழற்றுவதும் ஜெட் வகை இன்ஜின்தான். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தெரியும். சக்கரம் உடலிலிருந்தே இறங்குவதால், சரியான வரிசையில் உட்கார்ந்தால் அது தரையைத் தொட்டுப் புகை கிளப்புவதைக் கண்ணால் பார்க்கலாம். பயணிகள் பின்கதவு வழியாக ஏறும்போது வலது இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் காற்றாடி சுழலாது. காற்றாடிக்கு மட்டும் ஒரு பிரேக் போட்டு, இன்ஜினைக் கரண்டுக்காக ஓடவிடுகிறார்கள். வாலில் துணை இன்ஜின் வைக்காமல் எடையை மிச்சம் பிடிக்க அவர்கள் செய்த தந்திரம். தாழ்வாகப் பறப்பதால் உப்பளங்களின் வெள்ளைக் கட்டங்கள் இறங்கும்போது அவ்வளவு பக்கத்தில் வரும். 2025 ஜூலையில் அங்கே ரன்வேயைச் சுமார் 3,100 மீட்டராக நீட்டிப் புது டெர்மினலும் திறந்தார்கள். இனிப் பெரிய விமானங்கள் வரலாம். எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான்.

இப்போது அம்மா. 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் நடந்ததைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்த எதையும் நான் நம்பவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மறுவாரம் எனக்கே ஒரு பயணம் இருந்தது. போனேன். அந்த முறை 1,500 அடியில் சத்தம் குறைந்தபோது விமானம் முழுக்க ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் புள்ளிவிவரம் எதுவும் சொல்லாதீர்கள், எடுபடாது. நெய்யாற்றின்கரை வரை பஸ் எப்படிப் போகிறது என்பது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பஸ் பயம் வேறு, விமானப் பயம் வேறு. ஏறி உட்கார்ந்ததும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். நடுவில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் போன் எடுக்காது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அதுதான் முக்கியம். முடிந்தால் பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஆப் ஒன்றை அவர்கள் போனில் போட்டு, உங்கள் விமானத்தின் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். என் அம்மா அதில் என் விமானத்தைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய், எங்கோ உயரத்தில் கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ போகும் வேறு ஒரு விமானத்துக்குக் கை காட்டுவார்கள். நான் திருத்தியதில்லை.

நீங்கள் எடுத்திருக்கும் 21ஏ போவதற்குச் சரி, மாற்ற வேண்டாம். திரும்பி வருவதற்கும் 21ஏ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இன்றைக்கே 21எஃப் ஆக மாற்றிவிடுங்கள், சென்னை ஃபிளைட்டில் அந்தப் பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.